ரிமோட் இல்லாத காரு

பாக்கறதுக்கு ரிமோட் காரு மாதிரியே இருக்கும். ஆனா ரிமோட் கெடையாது. இப்படியொரு கூத்தை எங்கியாச்சும் கேட்டிருக்கீங்களா தம்பி? இல்லைல்ல? நானுங் கேட்டதில்லைங்க, ஓசூர்ல எம்புள்ள ஊட்டுக்குப் போயித் தங்கற வரைக்கும்.

தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க பாட்டுக்குப் போன்ல கார் ரேஸ் பாத்துட்டு வந்தீங்க, பக்கத்துல இருக்கற பெரிசு வம்புக்கு வருதேன்னு இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுதுங்க. அணைச்சுட்டீங்களா? நல்லாருப்பீங்க. எங்க எறங்கறீங்க, பவானியா? அப்ப நெறைய நேரம் இருக்குது. நான் கோயமுத்தூருங்க. கணபதியில வந்து சென்னியப்பன் வைண்டிங் கடை எங்கன்னு யாரை வேணும்னாலும் கேளுங்க, கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உடுவாங்க. இப்பப் பூட்டித்தான் கெடக்குது. ஆனாலும் கூட்டிட்டுப் போவாங்க.

மோட்டாருங்க நம்ம தொழிலு. கருகிப் போன மோட்டாரை வாங்கி, உள்ள இருக்கற பழைய கம்பியை உருவிப் போட்டுட்டுப் புதுசா காயில் கட்டிக் குடுக்கறது. கெணத்து மோட்டாரு, மாவு மில்லு மோட்டாரு, நூல் மில்லு மோட்டாரு, எது வந்தாலும் ஓட உட்டுக் காதுல கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிப் போடுவேன். எதுக்குச் சொல்றேன்னா, மோட்டாரைப் பத்தி எங்கிட்ட ஒருத்தன் வாயைத் தொறக்கறான்னா பாத்துத் தொறக்கோணும். அந்த மனுசன் அதைப் பண்ணலை.

யாரா? என்ற மாப்பிள்ளைதான். பூபதின்னு பேரு. நேர்ல 'வாங்க போங்க'தான், அதுல கொறை வெக்க மாட்டேன். பொண்ணைக் குடுத்திருக்கறோமே. மனசுக்குள்ள என்ன சொல்லுவேன்னு உங்ககிட்டச் சொல்ல முடியாது, பஸ்ஸுல பொம்பளைங்க உக்காந்திருக்கறாங்க.

ஊட்டுக்காரி போயிச் சேந்த பொறவு, 'ஏம்ப்பா தனியாக் கெடக்கறீங்க, எங்ககூட வந்து இருங்க'ன்னு எம்புள்ள கோகிலாவே வந்து கூட்டிட்டுப் போச்சு. ஒத்தைப் புள்ளைங்க எனக்கு. கடையைப் பூட்டி, டூல்ஸ் பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். வேட்டி சட்டைகூட அப்பறந்தான் எடுத்து வெச்சேன். டூல்ஸ் பக்கத்துல இல்லீன்னா எனக்குக் கை ஓடாது.

போன அன்னிக்கே பாக்கறேன், சாப்பாட்டு மேசை மேல சோத்தைக் காணோம். பூராவும் பிளாஸ்டிக்கு. குட்டிக் குட்டிப் பல்சக்கரம், சுண்டுவிரல் நகமாட்ட ஸ்குரூ, தீப்பெட்டி ஒசரத்துக்கு டயரு. பக்கத்துல ஒரு அட்டைப்பொட்டி. அதுமேல மணல்ல எகிறிக் குதிக்கற மாதிரி ஒரு காரு படம். முதுகுல றெக்கை வேற. 'என்னங்க மாப்பிள்ளை இது'ன்னேன். 'ரிமோட்டுல ஓடற பக்கி காருன்னு பெருசா ஒண்ணு இருக்குதுங்க மாமா, ரொம்பப் பேருபோனது. அதைப் பாத்து அப்படியே குட்டியாச் செஞ்ச ரேஸ் காரு கிட்டு இது. துண்டு துண்டா வரும், நாமதான் கோக்கோணும்'னாரு. சரி, ரிமோட்டு எங்கன்னேன். 'இதுக்கு ரிமோட்டு இல்லீங்க மாமா'ங்கறாரு.

ரிமோட்டுக் காரைப் பாத்துச் செஞ்ச காரு, அதுக்கு ரிமோட்டு இல்லியாம். நெல்லிக்கா ஊறுகாயில நெல்லிக்கா இல்லீங்கற மாதிரி இருக்குது.

'அப்பறம் எப்படித் திரும்பும்?' 'நாம திருப்ப முடியாதுங்க மாமா.' 'எப்படி நிக்கும்?' 'அதுவா நிக்காதுங்க மாமா, போயிப் புடிக்கோணும்.' ரெண்டு பக்கமும் சொவரு வெச்ச தடம் ஒண்ணு இருக்குமாம். காருக்கு முன்னயும் பின்னயும் படுக்க வெச்ச மாதிரி குட்டி உருளை இருக்குது, அது சொவத்துல தேச்சுக்கிட்டே வண்டி அதும்பாட்டுக்கு வளைஞ்சு வளைஞ்சு ஓடுமாம். வேகம் பத்தலீன்னா தோத்துப் போகும். வேகம் சாஸ்தியாப் போச்சுன்னா மேட்டுல ஏறி எகிறி வெளிய உழுந்துரும். உடறதுக்கு முன்னாடி என்ன பண்ணி வெச்சோமோ அதுதான், உட்ட பொறவு பாத்துட்டு நிக்க வேண்டியதுதான். இதையெல்லாம் மீசை வெச்ச ஆம்பளை எனக்கு உக்காந்து சொல்லிக் குடுக்கறாரு. இந்த வயசுல எங்கப்பன் ரெண்டு ஏக்கரா காட்டுக்குக் கெணறு வெட்டியிருந்தாரு.

அதையுங்கூடப் பொறுத்துக்கிட்டேங்க. எனக்குப் பொறுக்காதது வேற.

கோகிலா ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்கிங்ல இருக்குது. நாளெல்லாம் நின்னு பாக்கற வேலை. சாயங்காலம் வந்ததும் புள்ள ஒரு வாய்க் காப்பிகூட ஒழுங்காக் குடிக்காது, நேரா அந்த மேசைக்குத்தான் போகும். கண்ணுல கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பல்சக்கரத்துக்குக் கிரீஸ் வெக்கறதென்ன, டயரை உப்புத்தாள்ல தேக்கறதென்ன, உருளையைக் கழட்டி மாட்டி, மறுக்காக் கழட்டி மாட்டி, சின்னத் தராசுல வண்டியை வெச்சு எடை பாக்கறதென்ன. புருசனோட பொம்மைக்கு இவ கூலியாளு மாதிரி வேலை பாக்கறா! அவுரு எங்கன்னு கேக்கறீங்களா? சமையக்கட்டுல. தோசை ஊத்தறாரு. பொண்டாட்டியை இங்க உக்காத்தி அவரோட காருக்குச் சாகவுட்டுட்டு, அங்க நின்னுக்கிட்டு ஒய்யாரமாத் தோசை ஊத்தறாரு. எப்படி இருக்குது பாருங்க கதை.

சின்னதுல அது கடைக்கு ஓடி ஓடி வருமுங்க. பள்ளிக்கொடம் உட்டா நேரா கடைதான். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்தக் கிரீஸுக் கையின்னு தொரத்தித் தொரத்தி உடுவேன். அப்படியும் பட்டறை ஓரத்துல நின்னு பாத்துட்டே இருக்கும். நான் தொரத்தி உட்டுப் படிக்க வெச்சு, நல்ல வேலைக்கு அனுப்பி வெச்சா, கடைசியில இந்தாளு அதே கிரீஸை எம்புள்ள கையில பூசி வெச்சிருக்கறாரேன்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. ஒருநாள் கேட்டே போட்டேன், 'ஏன் அம்மணி, உனக்கு இதெல்லாம் வேணுமா'ன்னு. அது சிரிச்சுச்சு. 'எனக்குப் புடிச்சிருக்குதுப்பா'ன்னுச்சு. புருசனை உட்டுக் குடுக்காம பேசுது, நல்ல வளப்புன்னு நெனைச்சுக்கிட்டேன்.

இது தொப்பூர் மலைங்களா? கம்பியைப் புடிச்சுக்கங்க, ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுவான்.

அப்பறமுங்க. பெங்களூர்ல ஒரு பெரிய மால்ல ரேஸு வருதுன்னு ஊடே அமளி துமளிப்பட்டுச்சு. அதுல மொதலா வந்தா ஜப்பானுக்கே அனுப்புவாங்களாம், அங்க இருக்கற பெரிய ரேஸுக்கு. போன ரேஸுலயும் அதுக்கு முந்தின ரேஸுலயும் கடைசி வரைக்கும் வந்து தவறிப் போச்சாம். இந்த வாட்டி உடறதில்லைன்னு பேச்சு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. எம்புள்ளையைத் தனியா உட்டுட்டு இவரு பொம்மையைத் தூக்கிட்டு ஜப்பான் போறதுக்கு, எம்புள்ளையே உக்காந்து உப்புத்தாள் தேக்குது!

ஒருநாள் ராச்சாப்பாட்டுல, சும்மா ஒரு நல்லதுக்குத்தான், வாயைத் தொறந்தேன். 'மோட்டாரு வேகம் பத்தாதாட்ட இருக்குதுங்களே மாப்பிள்ளை. கம்பியைக் கொஞ்சம் தடிப்பாப் போட்டு, சுத்தைக் கொறைச்சுக் கட்டுனா பிச்சுக்கிட்டுப் போகும். நான் கட்டித் தரட்டுங்களா'ன்னு கேட்டேன். நானா வாய்விட்டுக் கேட்டேங்க. என்ற கடைக்கு வாசல்ல வந்து நின்னு கேட்டவங்க எத்தனை பேரு!

அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? தோசைக்கல்லுல இருந்து திரும்பிக்கூடப் பாக்கலை. 'ஐயோ வேண்டாங்க மாமா, மோட்டாருல கை வெக்கக் கூடாது. கம்பெனிக்காரன் மூடுனது மூடுனபடியே இருக்கோணும், அது ரூலு'ன்னாரு.

மோட்டாருல கை வெக்கக் கூடாதாம். எங்கிட்ட!

எம்புள்ளையும் தலையைத் தூக்கி, 'ஆமாப்பா, தொறந்தா வண்டியையே ரேஸுல இருந்து எடுத்துருவாங்க'ன்னுச்சு. புருசன் சொன்னா ஆமாம் போடறதுதானே. தட்டைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சேன். அதென்னங்க ரூலு? தொறக்கத் தெரியாதவன் தொறந்து கெடுத்துருவான்னு போட்ட ரூலு. அது எனக்கா?

ரேஸுக்கு முந்தின நாளு ரெண்டு பேரும் எல்லாத்தையும் முடிச்சு, துடைச்சு, வண்டியைப் பஞ்சு வெச்ச பொட்டிக்குள்ள படுக்க வெச்சுட்டாங்க. 'இனி இதை யாரும் தொடக் கூடாது'ன்னு மூடிட்டு, ஒரு வளைகாப்புக்குக் கெளம்பிப் போனாங்க. நான் வல்லீன்னுட்டேன், முட்டி வலின்னு சொல்லிட்டு.

அவங்க வண்டி தெருமுக்குத் திரும்புனதும் டூல்ஸ் பையை எடுத்தேன்.

தம்பி, அந்த மோட்டாரு எவ்வளவுன்னு நெனைக்கறீங்க? இந்தக் கட்டைவிரல் பாருங்க, இதுல பாதி. அதுக்குள்ள ஆர்மேச்சருன்னு சுத்தற துண்டு, அதோட பல்லுல தலைமுடியாட்ட கம்பி. மூடியை மடிச்சு வெச்சிருக்கற தகரக் காதை ஊசி மொனையில நெம்பித் தொறக்கோணும், கீறல் உழுகாம. பழைய கம்பியை உருவுனேன். நான் கையோட கொண்டு போயிருந்த கம்பியில அளவாப் பாத்து, ஒவ்வொரு பல்லா இறுக்கிச் சுத்தி, முடிச்சு போட்டு, வார்னிஷ் தொட்டு, ஃபேனுக்கடியில காய வெச்சு, மறுக்கா மூடுனேன். கண்ணு கலங்கிப் போச்சு, நடுவுல நடுவுல நிறுத்திக் கண்ணைக் கழுவிட்டு வந்து உக்காந்தேன். கடையைப் பூட்டுன பொறவு அன்னிக்குத்தானுங்க நான் மனுசனா இருந்தேன். பாட்டுக்கூட முனகுனேன். மூடுன பொறவு பாத்தா, தொறந்த தடமே தெரியாது. அப்பறம் அதை வண்டியில மாட்டி, வண்டியைப் பொட்டியில வெச்சிருந்தபடியே படுக்க வெச்சுட்டு, தண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்கிட்டேன்.

ஏன் செஞ்சேன்னு பாக்கறீங்களா? கெடுக்கறதுக்கு இல்லைங்க, அந்தப் புத்தி நமக்கு வராது. வண்டி ஜெயிக்கோணும். ஜெயிச்சு, அந்த மனுசன் கோப்பையைக் கையில வாங்கறப்ப, நான் எந்திரிச்சு அத்தனை பேரு முன்னாடியும், 'மாப்பிள்ளை, மோட்டாரு என்னுது'ன்னு சொல்லோணும். அவரு மூஞ்சி போற போக்கைப் பாக்கோணும். அவ்வளவுதான் ஆசை. இது ஒரு தப்பா?

மறுநாள் நானும் போனேன். முட்டி வலி இல்லியான்னு கேட்டாரு. கொறைஞ்சுருச்சுன்னேன்.

அங்க பாத்தீங்கன்னா, கலியாண மண்டபமாட்ட எடம், நடுவுல பாம்பு நெளிஞ்ச மாதிரி வெள்ளையில தடம் போட்டு வெச்சிருக்கறாங்க. சுத்திலும் தடிமாடு மாதிரி ஆம்பளைங்க, ஆளாளுக்கு ஒரு பொட்டி. ஒரு மேசையில வரிசையா வண்டியைப் பரிசோதனை பண்றாங்க. எடை பாத்தாங்க, அகலம் பாத்தாங்க, மோட்டாரைத் திருப்பித் திருப்பி லென்ஸுல பாத்தாங்க. நான் எட்டி எட்டிப் பாத்தேன். ஒருத்தனுக்கும் தெரியலைங்க! படிச்ச பசங்க, ஒருத்தனுக்கும் தெரியலை. 'ஓக்கே'ன்னு ஒட்டு ஒட்டிக் குடுத்தானுங்க.

மைக்குல பேரைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. திடீர்னு 'கோகிலா சென்னியப்பன்'னு கூப்படறான். நான் திடுக்குனு எந்திரிச்சே போட்டேன், என்ற பேரு எதுக்கு இங்க வருதுன்னு. பாத்தா எம்புள்ள போகுது. வண்டி எம்புள்ள கையில. மாப்பிள்ளை பின்னால பொட்டியைத் தூக்கிட்டு நிக்கறாரு, பேட்டரி எடுத்துக் குடுத்துக்கிட்டு. 'என்னங்க, நீங்க ஓட்டலியா'ன்னேன். 'நானா? எனக்கு இதுல ஒண்ணுந் தெரியாதுங்க மாமா, எல்லாம் கோகிலாதான்'னு சிரிக்கறாரு.

எனக்கு எப்படித் தெரியுங்க? நீங்களே சொல்லுங்க. யாராச்சும் எங்கிட்டச் சொன்னாங்களா?

எம்புள்ள தடத்துக்கிட்டக் குனிஞ்சு பொத்தானைப் போட்டுச்சு. மோட்டாரு கத்துச்சு பாருங்க! என்னன்னு சொல்லட்டும், மத்த வண்டியெல்லாம் கொசு மாதிரி ஙொய்யுன்னுது, இது மட்டும் வெசில் அடிச்சுது. கோகிலா பட்டுனு நிமிந்துச்சு. வண்டியைப் பாக்கலை. கூட்டத்துல என்னையத் தேடுச்சு. அதுக்குள்ள பச்சை வெளக்கு எரிஞ்சுருச்சு, பழக்கதோசத்துல கையை உட்டுருச்சு.

அட அட அட. ஓட்டமா அது! கண்ணுல தங்கலைங்க. வேகத்துக்கு எகிறி உழுந்துருமோன்னு நான் பயந்துட்டே நின்னேன். உழுகலை. எம்புள்ள அந்த உருளையையும் எடையையும் அப்படி வெச்சிருந்திருக்கா, மேட்டுல ஏறி அப்படியே உள்ளங்கையில எறங்கற மாதிரி எறங்கிப் போச்சு. மத்த ரெண்டு வண்டியும் பாதிகூட வல்லை, இது ஓடி முடிச்சுருச்சு. எல்லாரும் கத்தறானுங்க, கை தட்டறானுங்க. நான் விரலை வாயில வெச்சு வெசிலடிச்சேன். அறுபது தாண்டுன கெழவன்! எனக்கு அந்த நிமிசம் மாப்பிள்ளை ஞாபகமே இல்லைங்க, சத்தியமா.

எம்புள்ள வண்டியைப் புடிச்சுது. காதுகிட்ட வெச்சு சக்கரத்தை ஒரு சுத்து சுத்துச்சு. மூக்குகிட்டக் கொண்டு போச்சு. வார்னிஷ் வாசம் இருந்திருக்கும். அப்பறம் அங்கிருந்தே என்னையப் பாத்துச்சு. நான் தலையாட்டுனேன், ஆமா, நான்தான்னு. சந்தோசமாத்தான் ஆட்டுனேன். ஓடி வந்து கையைப் புடிச்சுக்கும்னு நெனைச்சேன்.

நேரா அந்தப் பரிசோதனை மேசைக்குப் போச்சுங்க. ஊசியைக் கேட்டு வாங்குச்சு, மோட்டாரைக் கழட்டித் தகரக் காதை நெம்பி, தொறந்து வெச்சுருச்சு அத்தனை பேரு முன்னாடியும். நான் கண்ணைக் கழுவிக் கழுவிப் பண்ணுன வேலையை, அது ஒரே நெம்புல. 'இது கட்டுன மோட்டாரு. எங்கப்பா கட்டுனது. அந்த முடிச்சு அவரோடது. என் வண்டியை எடுத்துருங்க'ன்னுச்சு.

அங்க இருந்த பையன் நல்லவன்தான் தம்பி. அவனே குனிஞ்சு மெதுவாச் சொல்றான், 'மேடம், வேற மோட்டார் மாத்திட்டு அடுத்த ரவுண்டு ஓடுங்க, நாங்க எதையும் பாக்கலை'ன்னு. பூசி மெழுகிட்டுப் போயிருக்கலாமா இல்லியா? எம்புள்ள சொல்லுது, 'நான் பாத்துட்டேனுங்களே. அலுமினியக் கம்பியைச் சுத்திட்டு தாமிரம்னு சொல்லிக் குடுக்கற கடையில நான் வளரலீங்க.'

அப்படிக் கட்டறவனுங்க இருக்கறானுங்க, வெலை சல்லிசுன்னு. நாலு மாசத்துல கருகிப் போகும். என்ற கடையில அந்தப் பேச்சே கெடையாது, அது ஊருக்கே தெரியும். ஆனா என்ற கடையைப் பத்தி அங்க எதுக்குங்க பேச்சு? பெங்களூர்க்காரனுக்கும் அதுக்கும் என்ன? பெத்த அப்பனைக் கொண்டு போயி நாலு பேரு முன்னால காட்டிக் குடுத்துட்டு, அதுல கடைப் பேரு வேற. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிருச்சு.

வண்டியை எடுத்துட்டாங்க. ஜப்பான் போறதும் போச்சு. எம்புள்ள பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வெச்சிருந்துச்சாம், அப்பறந்தான் சொன்னாங்க.

கீழ கார் நிறுத்தற எடத்துல வந்து எம்புள்ள எங்கிட்டக் கேட்டுச்சு. கத்தலை. அது கத்தாது, அவங்கம்மா மாதிரி. 'ஏம்ப்பா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லப்பா'ன்னுச்சு. நான் உண்மையைச் சொன்னேன். 'உன்ற வண்டின்னு எனக்கெப்படி அம்மணி தெரியும்? மாப்பிள்ளைதுன்னுல்ல நெனைச்சேன்'னேன்.

அது என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. 'அவரோடதுன்னா செய்யலாமாப்பா?'

அவ்வளவுதான். அதுதான் எம்புள்ள எங்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. இதெல்லாம் ஒரு கேள்வியாங்க? இதுக்கு என்னன்னு பதில் சொல்றது? நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க, உங்ககிட்டயா கேட்டேன்?

அதுக்கப்பறம் அந்த ஊட்டுல இருந்தது நரகமுங்க. சோறு போடுது. மாத்திரை எடுத்து வெக்குது. தண்ணி காய வெக்குது. ஒரு வார்த்தை பேசாது. நான் முன்னால உக்காந்திருக்கறேன், அது புருசன்கிட்டச் சொல்லுது, 'அப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க.' அவரு ரெண்டடி தள்ளி வந்து, 'மாமா, காப்பி வேணுங்களா'ங்கறாரு. எனக்குக் காது கேக்காதா? நடுவுல இவரு எதுக்கு? அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல தூது போக இவரு யாரு? இருந்தா சந்தோசம் அவருக்குத்தான். எங்க ரெண்டு பேரையும் பிரிச்சாச்சல்ல. இந்தக் கிட்டு அட்டைப்பொட்டியை மொதல்ல ஊட்டுக்குள்ள கொண்டு வந்தது அவருதானாம், எம்புள்ள பொறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தாராம். எல்லாத்துக்கும் ஆதி அவருதான்.

அந்த மேசை இப்பக் காலியாக் கெடக்குது. எம்புள்ள சாயங்காலம் வந்து சும்மா உக்காந்திருக்குது. டிவியைக்கூடப் போடறதில்லை.

அதான் கெளம்பிட்டேன். யாரும் போகச் சொல்லலை, அதை நல்லாக் கேட்டுக்கங்க. நானாத்தான் கெளம்புனேன். பையைத் தூக்குனப்ப எம்புள்ள கதவுக்கிட்ட வந்து நின்னுச்சு. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பேன் பையை. அது நின்னுச்சு, நானும் நின்னேன். அதுவாப் பேசட்டும்னு நான் பாத்தேன். அது எதுக்கோ காத்துட்டு இருந்தாப்பலதான் எனக்கும் பட்டுச்சு. என்னத்துக்குன்னு எனக்கு வெளங்கலை. அப்பறம் உள்ள போயிருச்சு.

மாப்பிள்ளைதான் ஸ்டாண்டுக்குக் கொண்டாந்து உட்டாரு. சீட்டு புடிச்சுக் குடுத்து, இந்தத் தண்ணி பாட்டிலு, வாழப்பழம் எல்லாம் வாங்கிக் குடுத்தாரு. நீங்க ஒண்ணு தின்னுங்க, எனக்கு எறங்காது. ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு, 'மாமா, நீங்க ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா போதுமுங்க, அவ அதுக்குத்தான் நின்னா'ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'எம்புள்ள எதுக்கு நின்னுதுன்னு நீங்க எனக்குச் சொல்லோணுமா? மூணு வருசமாப் பாக்கற நீங்க?'ன்னு கேட்டுட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். கண்டக்டர்கூடத் திரும்பிப் பாத்தான். அந்த மனுசன் நகரலை. பஸ்ஸு எடுக்கற வரைக்கும் வெயில்ல நின்னுட்டு இருந்தாரு. அப்படி நின்னு நல்ல பேரு வாங்கப் பாக்கறாரு. நானா ஏமாறுவேன்?

போயி கடையைத் தொறக்கோணும். ஒட்டடை அடிக்கோணும். கோயமுத்தூர்ல மோட்டாரு கருகறதுக்கா பஞ்சம்? ஆளு வரும். நமக்கு யாரும் வேண்டியதில்லை. அவங்கவங்க ஊட்டுல அவங்கவங்க நல்லா இருக்கட்டும்.

ஏனுங்க, என்ற பையிலயா அடிக்குது? ஆமா, என்றதுதான். இருங்க, கண்ணாடி எங்க வெச்சேன். நீங்களே பாருங்க, யாருன்னு போட்டிருக்குது? பூபதி மாப்பிள்ளையா. பாத்தீங்களா, அவருதான். எடுக்க மாட்டேன். ஊரு போயிச் சேந்தனான்னு கேப்பாரு, நாளைக்கு அதையே நாலு பேருகிட்டச் சொல்லிப் பெருமையடிப்பாரு. எம்புள்ளகிட்ட போன் இல்லியா? அது கூப்பிடாதா? அடிக்கட்டும்.

நிக்க மாட்டேங்குதே.

தம்பி, ஒரு ஒதவி பண்ணுங்க. நீங்க எடுங்க. பெரியவரு தூங்கறாருன்னு சொல்லிருங்க, நான் முழிச்சிருக்கறேன்னு சொல்ல வேண்டாம். அவரு என்ன பேசறாருன்னு எனக்கு வேண்டியதில்லை. அவரு பேசறப்ப, பக்கத்துல பொம்பளைக் கொரலு ஏதாச்சும் கேக்குதான்னு மட்டும் கொஞ்சம் காது குடுத்துக் கேட்டுச் சொல்லுங்க. எடுங்க தம்பி, கட்டாயிறப் போகுது.